பெட்டி வாங்கும் முன் ஒரு கேள்வி: சாவி யார் கையில்?



போன ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம் இடி இடித்தது ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்குத்தான் குள்ளப்புரம் கிளையின் மாடிக் கம்பத்தில் மாட்டியிருந்த நம்ம இன்டர்நெட் பெட்டி கருகிப் போனது. ஜெயமங்கலம் ஆபீசில் ஒன்று, மேல்மங்கலத்தில் ஒன்று, குள்ளப்புரத்தில் ஒன்று என்று மூன்று பெட்டி வாங்கி, மூன்று இடத்துக் கணக்கும் ஒரே கம்ப்யூட்டரில் ஏறும்படி வைத்திருந்தோம். ஒன்று போனால் ஒன்று வாங்கி மாட்டலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

விற்ற கம்பெனிக்குப் போன் போட்டோம். "அந்த மாடல் இப்ப வர்றதில்லைங்க மேடம். புது மாடல் தர்றோம். ஆனா அது பழசோட பேசாது. மூணையும் மாத்திருங்க" என்றார்கள்.

"நல்லா இருக்கிற ரெண்டையும் எதுக்குய்யா மாத்தணும்?" என்று செயலாளர் அக்கா கேட்டார். பதில் இல்லை. வேறு கம்பெனிப் பெட்டி போட்டால் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டதற்கு, "எங்க பெட்டி எங்க பெட்டியோட மட்டும்தான் பேசும்" என்று சொல்லிவிட்டார்கள்.

பதினோரு நாள் குள்ளப்புரம் பேரேட்டை மஞ்சள் பையில் வைத்து பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைந்தோம். அதில் இரண்டு குழுக்களின் வங்கிக் கடன் பேப்பர் தாமதமானது. ஒரு குழுவில் நாலு பேர் வாழைக்கன்று ஊன்றப் பணத்துக்குக் காத்திருந்தார்கள். கன்றுக்குச் சொன்ன ஆள் காத்திருக்கவில்லை. அவர்கள் வெளியில் வட்டிக்கு வாங்கித்தான் ஊன்றினார்கள். எதற்காகக் குழு ஆரம்பித்தோமோ அதுவே நடக்காமல் போனது, ஒரு பெட்டியால்.

இப்போது மறுபடியும் வாங்கப் போகிறோம். அடுத்த மாதக் கூட்டத்தில் கொட்டேஷன் வரும். அதற்கு முன்னால் இந்த விஷயம் எல்லா உறுப்பினருக்கும் புரிந்திருக்க வேண்டும். "அது கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைக பாத்துக்கும்" என்று விட்டதால்தான் போன தடவை மாட்டிக்கொண்டோம்.

மோடம் என்றால் என்ன?

கம்ப்யூட்டருக்கு ஒரு பாஷை. அந்தப் பாஷையைக் கம்பி வழியாகவோ, காற்று வழியாகவோ, கண்ணாடி இழை வழியாகவோ அனுப்புவதற்குத் தக்கபடி மாற்றிக் கொடுப்பதும், வந்ததைத் திருப்பி மாற்றித் தருவதும் மோடம் வேலை. இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. இரண்டும் ஒரே விதமாக மாற்றினால்தான் பேச்சு புரியும்.

அந்த மாற்றுகிற முறையை ஒரு கம்பெனி தானே கண்டுபிடித்து, தன் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொண்டால் அது தனி முறை. பல கம்பெனியும் நிபுணர்களும் உட்கார்ந்து பேசி, "இப்படித்தான் மாற்ற வேண்டும்" என்று எழுதி, யார் வேண்டுமானாலும் அதன்படி செய்து விற்கலாம் என்று விட்டால் அது பொதுத் தரம்.

செல்போன் சார்ஜரை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பு ஒரு கம்பெனிக்கு உருண்டை பின், இன்னொன்றுக்குத் தட்டை பின். வீட்டில் மூன்று போன் இருந்தால் மூன்று சார்ஜர். இன்றைக்கு டைப்-சி வந்த பிறகு பக்கத்து வீட்டு மதினியிடம் வாங்கிச் சொருகிக்கொள்கிறோம். ஐரோப்பிய நாடுகளில் 2024 டிசம்பர் கடைசியிலிருந்து, புதிதாக விற்கும் போனில் இந்த ஒரே வாய்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

மோடத்திலும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. போன் லைனில் "கீ... கிர்ர்" என்று சத்தம் போட்டு இன்டர்நெட் வந்த காலம். 1997இல் 56 கே என்ற வேகமான மோடம் இரண்டு விதமாகச் சந்தைக்கு வந்தது. யு.எஸ். ரோபோட்டிக்ஸ் கம்பெனியின் எக்ஸ்-2 ஒன்று, ராக்வெல்லும் லூசென்ட்டும் கொண்டுவந்த கே56ஃபிளெக்ஸ் இன்னொன்று. இரண்டும் ஒன்றோடு ஒன்று பேசாது. உங்கள் வீட்டில் ஒன்றும், இன்டர்நெட் கொடுப்பவரிடம் மற்றொன்றும் இருந்தால், அதிக விலை கொடுத்து வாங்கிய மோடமும் பழைய வேகத்தில்தான் ஓடும். வாங்கப் போனவர்கள் எது ஜெயிக்குமோ என்று தயங்கி நின்றார்கள். 1998இல் வி.90 என்ற பொதுத் தரம் வந்த பிறகுதான் சண்டை தீர்ந்தது. இரண்டு கம்பெனிக்காரர்களும் அந்தத் தரத்துக்கு மாற வேண்டியதாயிற்று.

நம்ம தேனியில் நடந்தது

வெளிநாட்டுக் கதை எதற்கு, நம் மாவட்டத்துக் கதையே இருக்கிறது.

தேனி அரவிந்த் கண் ஆஸ்பத்திரி எல்லோருக்கும் தெரியும். 1976இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி ஆரம்பித்ததன் கிளையாக 1985இல் தேனியில் வந்தது. கண்ணில் சின்னக் கோளாறு என்றால் பஸ் செலவு, ஒரு நாள் கூலி, துணைக்கு ஒரு ஆள் என்று யோசித்தே நம் பெண்கள் தள்ளிப்போடுவார்கள். அதற்காக ஊர்ப்பக்கத்திலேயே சின்னக் கண் பரிசோதனை மையங்களை அவர்கள் திறந்தார்கள். அம்பாசமுத்திரம் (நெல்லைப் பக்கத்து ஊர் இல்லை, நம்ம தேனிப் பக்கத்தில் இருப்பது), போடி, சின்னமனூர், பெரியகுளம், ஆண்டிபட்டி என்று ஐந்து மையங்கள். அங்கே பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைச் சோதித்துப் படம் எடுப்பார். தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியிடமே பேசி, ஆபரேஷன் வேண்டுமா, சொட்டு மருந்து போதுமா என்று சொல்வார்.

இதற்கு நல்ல வேகம் வேண்டும். படம் தெளிவில்லாமல் வந்தால் டாக்டர் என்ன சொல்ல முடியும்? அன்றைக்குக் கிராமத்துக்கு ஏற்றது என்று கிடைத்த வயர்லெஸ் போன் இணைப்பில் விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட்தான் வரும். கடிதம் அனுப்பலாம். ஆள் முகம் அசைந்து பேச அது போதாது.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் பிரூவர் என்ற பேராசிரியரின் குழுவினர், இன்டெல் கம்பெனியின் துணையோடு இந்த வேலைக்கு வந்தார்கள். தொலைதூரத்துக்கென்றே ஒரு கம்பெனி தனி முறையில் செய்த பெட்டிகளை அவர்கள் வாங்கியிருக்கலாம், ஆனால் அவை விலை அதிகம். அவர்கள் எடுத்தது சாதாரண வைஃபை. நம் வீட்டுப் பிள்ளைகள் போனில் பிடிக்கிற அதே வைஃபைதான். அதற்குப் பொதுத் தரத்தின் எண் 802.11. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் செய்கிறார்கள், அதனால் விலை மலிவு. நேரமும் கூடி வந்தது. 2005 ஜனவரியில்தான் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கட்டடத்துக்கு வெளியிலும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது.

ஆனால் வீட்டு வைஃபை அடுத்த தெருவுக்கே எட்டாதே, தேனியிலிருந்து சின்னமனூருக்கு எப்படி எட்டும்?

அதில் பாதி வேலை ஆன்டெனா. நாலாபக்கமும் சிதறும் அலையை டார்ச் லைட் மாதிரி ஒரே திசையில் குவித்தார்கள். நடுவில் மறைப்பு இருக்கும் இடத்தில் கோபுரம் போட்டு, அங்கிருந்து அடுத்த இடத்துக்குத் தாவ வைத்தார்கள். தென்னந்தோப்பும் கரடும் இருக்கிற ஊர் இல்லையா நம்முடையது.

மீதிப் பாதி, பேசும் முறையில் செய்த மாற்றம். நீங்கள் வயலின் இந்த வரப்பில் நின்று அந்த வரப்பில் இருப்பவரை "ஏய் பாண்டியம்மா" என்று கூப்பிடுகிறீர்கள். "என்னக்கா" என்று பதில் வந்ததும் அடுத்த வார்த்தை பேசுகிறீர்கள். சாதாரண வைஃபையும் அப்படித்தான். ஒவ்வொரு துண்டையும் அனுப்பிவிட்டு "வந்துச்சு" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். தூரம் அதிகமானால் பதில் வர நேரமாகும். அதற்குள் அது பொறுமை இழந்து, "சேரலை போல" என்று அதையே திரும்ப அனுப்பும். இப்படியே வேகம் செத்துப் போகும். பெர்க்லி குழுவினர், "இவ்வளவு நேரம் நீ பேசு, இவ்வளவு நேரம் நான் பேசுகிறேன்" என்று முறை வைத்தார்கள். நம்ம குழுக் கூட்டத்தில் வரிசையாகப் பேசச் சொல்வதுபோல. அதனால் 10, 15 கிலோமீட்டர் தூரத்திலும் விநாடிக்குப் பல மெகாபிட் வேகம் கிடைத்தது. பெட்டிக்கு மின்சாரமும் ஒரு சின்ன பல்பு அளவுக்குத்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர்களும் பொதுத் தரத்தை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு முனையிலும் மாற்றிய புரோகிராம் இருந்தால்தான் அந்த வேகம் வரும். அப்படியானால் அதுவும் ஒரு தனி முறைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வித்தியாசம் பூட்டு இருக்கும் இடத்தில் இருக்கிறது. பெட்டியும் ரேடியோ அட்டையும் கடையில் கிடைக்கும் சாதாரணச் சரக்கு. மாற்றம் எல்லாம் லினக்ஸ் என்ற, யாரும் திறந்து பார்க்கக்கூடிய புரோகிராமில். பெட்டி கெட்டால் வேறு பெட்டி வாங்கி அதே புரோகிராமை ஏற்றிக்கொள்ளலாம். நமக்கு விற்ற பெட்டியில் எல்லாமே கம்பெனியின் பூட்டுக்குள். அவர்கள் செய்வதை நிறுத்தினால் நம் கதையும் முடிந்தது. போதாக்குறைக்கு உள்ளே போய் மாற்றும் பாஸ்வேர்டைக்கூட நம்மிடம் தராமல் விற்றவரே வைத்திருந்தார். நாமும் கேட்கவில்லை.

பொதுத் தரம் என்றால் மட்டும் போதுமா?

போதாது. தேனியில் அந்த இணைப்புகள் நின்றுபோன நாட்களை அந்தக் குழுவினரே ஆராய்ந்து 2008இல் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான பழுதுக்குக் காரணம் ரேடியோ இல்லை, கரண்ட். லைனில் வோல்டேஜ் 70க்கும் கீழே இறங்கியது, 350க்கு மேல் ஏறியது. கண நேரத்துக்கு 1000 வோல்ட் வரைகூடப் பாய்ந்ததை அளந்திருக்கிறார்கள். நம் வீட்டு டி.வி.யும் மிக்சியும் ஏன் புகைகிறது என்று இப்போது தெரிகிறதா? அதில் அடிபட்டு அடாப்டர் கருகியது, பெட்டிக்குள் இருக்கும் மெமரி கார்டு அழிந்தது. பிறகு மின்சாரப் பாதுகாப்புச் சாதனம் போட்டார்கள். உள்ளூர் பணியாளர்களுக்கே பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். பெர்க்லியிலிருந்து ஆள் வரும்வரை போடியில் நோயாளி காத்திருக்க முடியுமா?

நம்ம குள்ளப்புரம் பெட்டியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். கம்பெனியைத் திட்டுகிறோம், சரி. ஆனால் இடிதாங்கி போட்டோமா? எர்த் கம்பி இறக்கினோமா? மாட்ட வந்த பையன், "எர்த்துக்குத் தனியா குழி தோண்டணும், கரி, உப்பு போடணும், செலவு ஆகும்" என்று சொன்னான். "அப்புறம் பாக்கலாம்" என்று சொன்னது நாம்தான்.

மேலூரில் என்ன ஆனது

முன்பு சொன்ன 35, 70 கிலோபிட் இணைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் பெயர் கார்டெக்ட். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் நம் கிராமங்களை நினைத்தே உருவாக்கியது. 2001 கடைசியில் மதுரை மாவட்டம் மேலூர் பகுதிக் கிராமங்களில் இதை வைத்து இன்டர்நெட் மையங்களைத் தொடங்கினார்கள். பெண்கள் பலர் அந்த மையங்களை நடத்தினார்கள். சான்றிதழ் மனு, ஈ-மெயில், கம்ப்யூட்டர் வகுப்பு, கண்ணைப் படம் எடுத்து மதுரை அரவிந்துக்கு அனுப்புவது என்று எத்தனையோ வேலை நடந்தது. ரோடே சரியில்லாத ஊருக்கு இன்டர்நெட் வந்தது அன்றைக்குப் பெரிய காரியம்.

கார்டெக்ட்டின் அடிப்படை ஐரோப்பாவின் டெக்ட் என்ற பொதுத் தரம். அதன் மேல் கட்டிய மாடி இவர்களுடையது. ஆகவே முழுத் தனி முறை என்றும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் சிலரே. ஊர் வீடியோ கேட்க ஆரம்பித்தபோது அதன் வேகத்தை உயர்த்த வழி இல்லை. பிற்பாடு அந்த மையங்களில் பல மூடப்பட்டன. அதற்குப் பெட்டி மட்டும் காரணம் என்று சொன்னால் பாவம். வருமானம் பற்றவில்லை, ஆரம்பித்து வைத்தவர்களின் ஆதரவும் தொடரவில்லை. இருந்தாலும் கடன் வாங்கி மையம் போட்ட பெண்ணுக்கு, அந்தப் பெட்டியை வேறு எதற்கும் பயன்படுத்த முடியவில்லை என்பது கூடுதல் நஷ்டம்தான்.

தனி முறையே வேண்டாமா?

அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன். தொலைதூரத்துக்கென்றே செய்த தனி முறைப் பெட்டிகள் கூட்ட நெரிசலான அலைவரிசையில் நன்றாகவே ஓடும். இரண்டே முனைதான், ஐந்து வருஷத்துக்கு மாற்றுப் பெட்டி தருகிறேன் என்று எழுதித் தருகிறார்கள், ஒரு உபரிப் பெட்டியும் சேர்த்து வாங்குகிறோம் என்றால் வாங்கலாம். இன்றைக்கு வரும் சில பெட்டிகளில் இரண்டு முறையும் உண்டு. தன் கம்பெனிப் பெட்டியோடு தனி முறையில் வேகமாகப் பேசும், மற்றவற்றோடு சாதாரண வைஃபையில் பேசும். அது நல்ல ஏற்பாடு. மூன்று, நான்கு, ஐந்து என்று இடம் கூடிக்கொண்டே போகிற நம்மைப் போன்றவர்கள்தான் யோசிக்க வேண்டும். முதல் பெட்டியின் விலையைப் பார்த்து வாங்கினோம். ஆறாவது பெட்டி என்ன விலை, அது கிடைக்குமா என்று பார்க்கவில்லை.

கடையில் எப்படிச் சோதிப்பது?

டாங்கிள் வாங்கினால் கடையிலேயே வேறு கம்பெனி சிம் போட்டுப் பாருங்கள். எடுக்கவில்லை என்றால் அது பூட்டுப் போட்டது. பெட்டி கருகிய பிறகு அவசரத்துக்கு நாம் வாங்கிய டாங்கிளும் அப்படிப்பட்டதுதான். அந்த சிம்முக்கு மேல்மங்கலத்தில் சிக்னல் இல்லாததால் அது இங்கே ஆபீசில் சும்மா கிடக்கிறது. இரண்டாவது தடவையும் ஏமாந்தோம் என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

மாடியில் மாட்டும் பெட்டி என்றால் விற்பவரிடம், "இதோட பேசுற வேற கம்பெனிப் பெட்டி ஒண்ணு பேரு சொல்லுங்க" என்று கேளுங்கள். பெயர் சொன்னால் நின்று பேசலாம். "எங்களோடது தனி டெக்னாலஜி மேடம், அதெல்லாம் வேண்டியதில்லை" என்றால் ஜாக்கிரதை. மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு தரும் இ.டி.ஏ. அங்கீகாரம் உள்ள பெட்டியா என்றும் கேட்டு, நகல் வாங்குங்கள்.

ஃபைபர் இணைப்பில் வேறு ஒரு சங்கதி உண்டு. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைப்பது பாரத்நெட் திட்டத்தின் நோக்கம். தனியார் ஃபைபரும் ஊர்களுக்கு வருகிறது. ஃபைபர் முனையில் வைக்கும் பெட்டிக்குப் பொதுத் தரம் இருக்கிறது. இருந்தும் வெளியில் வாங்கிய பெட்டியை இணைப்புக் கொடுப்பவரின் கருவி ஏற்காமல் போவது உண்டு. அதனால் அந்த ஒரு பெட்டியை அவர்களுடையதாகவே வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு சாதாரண லேன் வயரை எடுத்து, நம் சொந்த வைஃபை ரூட்டரில் சொருகிவிட வேண்டும். நாளைக்குக் கம்பெனி மாறினால் அவர்கள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நம் ரூட்டரும் அதோடு சேர்ந்த கம்ப்யூட்டரும் பிரிண்டரும் அசையாமல் அப்படியே இருக்கும். அந்த லேன் வயர் சொருகும் வாய் உலகம் முழுக்க ஒன்றுதான்.

அடுத்த கூட்டத்துக்கு

வரப்போகும் கொட்டேஷன்களில் பெட்டி விலை, ஆன்டெனா, கம்பம், இடிதாங்கி, எர்த் ஆகிய ஐந்தையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லியிருக்கிறோம். மொத்தமாக ஒரே தொகை எழுதியவர்களுக்குத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. பாஸ்வேர்டை எழுதி ஒட்டிய கவரில் போட்டு, தலைவி, செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்திட்டு ஆபீஸ் பீரோவில் வைக்க வேண்டும் என்று தீர்மான நோட்டில் எழுத ஒரு வரைவும் தயார். குள்ளப்புரத்திலிருந்து இரண்டு பேர், மேல்மங்கலத்திலிருந்து ஒருவர் பெட்டியைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொள்ள முன்வந்திருக்கிறார்கள். ஜெயமங்கலத்திலிருந்து இன்னும் யாரும் பெயர் தரவில்லை. மாடி ஏறப் பயம் இல்லாதவர்கள் உங்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள்.